எடை ஏறிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி

இந்த மாதக் கடைசியோடு சிதம்பரத்து மருத்துவமனையின் டயட்டீஷியன் வேலையிலிருந்து நான் விலகுகிறேன். நான் இதுவரை பார்த்த வேலைக்கு நீங்கள் இரண்டு பேர் வருகிறீர்கள்: உணவியல் படித்த ஒருவர், மனநல ஆலோசகர் ஒருவர். முப்பது வயதுகூட ஆகாதவள் ஓய்வுபெற்றவரைப் போல அனுபவம் சொல்ல உட்காருவது கொஞ்சம் வேடிக்கைதான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்கான ஒப்படைப்புக் கோப்பைத் தயார் செய்துவிட்டேன். வார்டுக்கு எந்த வேளைக்கு என்ன உணவு போகிறது, சிறுநீரக நோயாளிகளின் சாம்பாரைத் தனியாக எடுத்து வைப்பது யார், எடை மெஷினை எந்தச் சுவரோரம் வைத்தால் முள் ஆடாது, உப்பைப் பற்றிச் சமையலறையில் யாரிடம் பேசக் கூடாது, எல்லாம் வரிசை எண்ணோடு இருக்கின்றன. எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் ஒரு விஷயத்தை எண் போட்டு எழுதிப் பார்த்தேன். படித்தபோது அது தீயணைப்புக் கருவி பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போல இருந்தது. யாரும் நின்று படிக்க மாட்டார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உண்ணுதல் கோளாறு என்ற பெயரோடு நம்மிடம் யாரும் வருவதில்லை. "பசியே எடுக்கல", "அல்சராம்", "டயட்ல இருக்கேன்னு சொல்லிச் சொல்லி இப்படி ஆயிட்டா", "யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று வருவார்கள். மெலிந்து வருகிறவர்களை நாம் உடனே பிடித்துவிடுகிறோம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியை பார்க்க எல்லோரையும் போலவே இருந்தார். அளவில்லாமல் சாப்பிட்டு வாந்தியெடுக்கும் துன்பம் அவருக்குப் பல வருடமாக இருந்தது. "பாக்க நல்லாத்தானே இருக்கீங்க" என்ற ஒரே வாக்கியத்தை அவர் ஒவ்வொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். மெலிவைப் பார்த்து ஆபத்தை அளப்பது நம் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். உடலுக்கு வரும் ஆபத்தை எடை ஓரளவு காட்டும். இந்த நோய் உள்ளவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொள்ளும் ஆபத்து ஒன்று இருக்கிறதே, அதை எடை காட்டாது. எடை குறைவாக இருக்கும்போதும் அது இருக்கலாம், சரியாக இருக்கும்போதும் இருக்கலாம், ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம்.

கடைசியில் சொன்னதை நான் ஒரு பெண்ணிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவளை நஸ்ரீன் என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. இதை எழுத அவளும் அவள் அம்மாவும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள்.

புவனகிரிப் பக்கத்துப் பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு, அவள் வார்த்தையில் அத்தாவுக்கு, வளைகுடா நாட்டில் வேலை. வீட்டில் அம்மாவும் அவளும். கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்து நம்மிடம் வந்தாள். இதயத் துடிப்பு சரியில்லை என்று பொது மருத்துவர் உடனே படுக்கை கொடுத்தார். உணவுப் பழக்கம் பற்றி விசாரிக்க நான் போனபோது அம்மாதான் பேசினார், கொஞ்சம் பெருமையோடு.

"ரமலான் முப்பதும் விடமாட்டா மேடம். பெருநா முடிஞ்சி ஆறு நோன்பு. அதுக்கப்புறம் களா."

"களான்னா என்னம்மா?"

"தலைக்கு ஊத்துற நாள்ல பொம்பளைங்க நோன்பு வைக்கக் கூடாதுல்ல? வுட்டுப்போனத அப்புறமா வச்சி முடிக்கணும். அதான் களா. முன்ன வருசத்து பாக்கி இருக்குன்னு வச்சிகினே இருந்தா."

மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று நஸ்ரீனைக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அது நின்று நெடுநாள் ஆகியிருந்தது. விட்டுப்போன நோன்பு எதுவும் பாக்கியில்லை. ஆனாலும் அவள் மாதக்கணக்கில் நோன்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அதை மெல்லப் புரிந்துகொண்டார். "நோயாளிக்கு நோன்பு கடமையே இல்லம்மா. மார்க்கம் அவ்ளோ கஷ்டப்படுத்தாது. நோயின்னு தெரிஞ்சிருந்தா நானே தட்டத்த எடுத்து முன்னாடி வச்சிருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மை. இந்த நோய் எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்காத ஒன்றைத் தேடி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வேறொரு வீட்டில் அது சஷ்டி விரதத்தின் பின்னால் ஒளிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வீட்டில் ஜிம்மின் பின்னால்.

முதல் வாரங்கள் போராட்டம்தான். சாப்பிடாமல் இருக்க அவள் என்னென்ன செய்தாள் என்பதை எழுதப் போவதில்லை. அது வேறு யாருக்காவது பாடமாகிவிடும். நீங்களும் எங்கேயும் எழுதாதீர்கள். என்னைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். "உங்க லிஸ்ட்ட நீங்களே சாப்புடுங்க மேடம்" என்று ஒருநாள் சார்ட்டைத் தலையணைக்கு அடியில் போட்டுப் படுத்துக்கொண்டாள். நம் மனநல மருத்துவர் கடலூரில் இருந்து வாரத்தில் சில நாட்கள்தான் வருவார், உங்களுக்கும் தெரியும். சேர்ந்த அன்றே அவர் அவளிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டிருந்தார். "இல்ல" என்றாள். அந்த "இல்ல" அடுத்த நாள் குறிப்பிலும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. கேட்டது ஒருமுறை, பதிலைத் தினமும் நாங்கள் நகலெடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு திடீரென்று சாப்பிட ஆரம்பித்தாள்.

மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பொங்கலில் நெய் அதிகமா என்று கேட்கவில்லை. பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். எடை ஏறியது. வார்டே மகிழ்ந்தது. ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் சிஸ்டர், "பாருங்க, கன்னம் வச்சிருச்சு" என்பார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "மாஷா அல்லாஹ், பூசினாப்புல ஆயிட்டா, இப்பத்தான் லட்சணமா இருக்கா" என்று கன்னத்தைத் தடவினார்கள். நம் ஊரில் இதைவிட அன்பான வார்த்தை கிடையாது. அந்த வார்த்தை கேட்கும்போதெல்லாம் போர்வைக்கு உள்ளே அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைச் சுற்றி வளைத்து அளவு பார்ப்பதை நான் கவனித்தேன். முகம் மட்டும் சிரித்தபடியே இருந்தது.

அனுப்பிவைக்க நாள் குறித்தார்கள். அன்று காலை வீட்டு உணவுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். புர்கா போட்டு, பையை மடியில் வைத்து, கிளம்பத் தயாராகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கஞ்சியில தண்ணி எவ்ளோன்னு கூட எழுதியிருக்கீங்க. தும்முறதுக்கு ஏதாச்சும் லிஸ்ட் இருக்கா மேடம்?"

"கடைசிப் பக்கத்துல பாரு."

சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், நான் உங்கள ரொம்ப பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க. பொறுத்துக்குங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் ஓ.பி.க்கு வரணும். எந்தக் கிழமை வசதி?"

"நீங்களே ஏதாச்சும் போட்டுக்குங்க."

கிழமைக்காக, நேரத்துக்காக, எடை பார்க்கும்போது முள்ளைப் பார்க்காமல் திரும்பி நிற்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டியவள் அவள். எதையாவது போட்டுக்கொள்ளச் சொல்கிறாளே என்று நினைத்தபடி வெளியே வந்தேன். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ நல்ல புள்ள மேடம்! ஆயா, சமையல்காரர், ஒருத்தர் பாக்கியில்ல, எல்லார்கிட்டயும் போய் பொறுத்துக்குங்கன்னு கேட்டுச்சு. நம்ம டிரெய்னிங் பொண்ணுக்கு அதோட இயர்போன குடுத்துச்சு."

நான் கடலூரில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகள் பாதி. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் பயணத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவார்கள். எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். "தெரிஞ்சோ தெரியாமயோ ஏதாச்சும் பேசியிருந்தா பொறுத்துக்குங்க" என்பார்கள். என் அம்மாவும் "நீங்களும் எங்கள பொறுத்துக்குங்க, நல்லபடியா போயிட்டு வாங்க" என்பார். திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற பயணத்துக்கு முன்னால் கேட்பது அது. சிதம்பரத்திலிருந்து பக்கத்து ஊர் புவனகிரிக்குக் காரில் போகிறவர் யாரும் ஊரையே கூப்பிட்டு அப்படிக் கேட்க மாட்டார்.

மூன்றும் என் தலைக்குள் வரிசையாக நின்றன: பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாள், தன் பொருளைக் கொடுக்கிறாள், அடுத்த வாரம் என்ற ஒன்றில் அவளுக்கு அக்கறையே இல்லை. நான்காவதாக, அவள் முகத்தில் இருந்த அந்த அமைதி. அதைத்தான் நாங்கள் குணம் என்று படித்திருந்தோம்.

இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கீழே கார் நிற்கிறது. மருத்துவர் கையெழுத்துப் போட்டாயிற்று. மனநல மருத்துவர் கடலூரில். ஆலோசகர் பணியிடம் அன்று காலியாக இருந்தது. நான் கஞ்சிக்குத் தண்ணீர் அளவு எழுதுகிறவள். "அது என் வேலையில்லை" என்று சொல்லச் சரியான காரணங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருப்பதைத் தனியாகச் சுமக்கிறவருக்கு, இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கும்.

மருந்துக் கடைக்கு அம்மாவை அனுப்பினேன். திரையை இழுத்துவிட்டேன். நின்றுகொண்டு கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தேன். "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று நாம் வழக்கமாகக் கேட்போமே, அப்படிக் கேட்கவில்லை. அதற்கு யாரும் "யோசிக்கிறேன்" என்று சொல்ல மாட்டார்கள்.

"நஸ்ரீன், உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா? தற்கொலை பண்ணிக்கணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கேக்குறேன்."

அவள் மடியிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"ஆமா" என்றாள். "முடிவு பண்ணதுக்கப்புறம் சாப்புடுறது ஒண்ணும் கஷ்டமா இல்ல மேடம். நீங்க எழுதினது எல்லாத்தையும் சாப்புட்டேன். சாப்புட்டாத்தானே வீட்டுக்கு அனுப்புவீங்க."

நாங்கள் கொண்டாடிய ஒவ்வொரு கிராமும் அதற்காகத்தான் ஏறியிருக்கிறது.

எப்போது, எப்படி என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. தெளிவாக யோசித்து வைத்திருந்தாள் என்பது போதும். ஏன் என்றும் கேட்டேன். "அத்தா அங்க வெயில்ல நிக்குது, நான் இங்க படுத்துகினு இருக்கேன். அம்மா தூங்கியே பல நாளாச்சு. நான் இல்லன்னா ரெண்டு பேரும் தூங்குவாங்க." அப்புறம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒடம்ப நீங்க திருப்பி குடுத்துட்டீங்க. எனக்கு இது வேணாம் மேடம். எல்லாரும் வந்து நல்லாருக்கு, நல்லாருக்குங்குறாங்க. எனக்கு உள்ள கூசுது" என்றாள்.

நோய் என்ற கவசத்தை அவள் இழந்துகொண்டிருந்த நேரம் அது. பட்டினி அவளுடைய பயத்தையும் வெறுப்பையும் மரத்துப்போக வைத்திருந்தது. சோறு உள்ளே போகப் போக மரப்பு விலகி, வலி திரும்பியது. எடை ஏறும் வாரங்களை நாம் வெற்றி ஊர்வலமாகப் பார்க்கிறோம். நோயாளிக்கு அவை மயக்க மருந்து தெளியும் வாரங்கள். அதோடு, அவளுக்கு வலி புதிதல்ல. பசியையும் மயக்கத்தையும் நெடுநாள் தாங்கிப் பழகிய உடல். நமக்கு இருக்கும் இயல்பான அச்சம் அப்படிப்பட்டவர்களிடம் தேய்ந்துபோயிருக்கலாம்.

"இத சொன்னதுக்கு நன்றி. இத நான் மட்டும் வச்சிக்க மாட்டேன்" என்றேன்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. செத்துடும் அது."

"சொல்லத்தான் போறேன். உன் உயிருக்கு ஆபத்துங்கறத சொல்லுவேன். மத்ததுல எது எது சொல்லலாம்னு நீ சொல்லு."

"ஏமாத்திட்டீங்க. நல்லா பேசுற மாதிரி பேசி ஏமாத்திட்டீங்க."

"இருக்கட்டும். கோவமா இரு. ஆனா இங்கயே இரு."

சிஸ்டரைக் கூப்பிட்டு அவளுக்கு அருகில் உட்கார வைத்தேன்; கழிவறைக்குப் போனாலும் கூடவே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மனநல மருத்துவரை அழைத்தேன். இரண்டு கேள்வி கேட்டார். "கார்ல ஏத்தாதீங்க. இங்க ஓ.பி.யை வேற டாக்டர்கிட்ட குடுத்துட்டு வரேன்" என்றார்.

பொது மருத்துவர் அவ்வளவு சுலபமாக இல்லை. நல்லவர்தான், ஆனால் அன்று வேறொரு நோயாளிக்கு அந்தப் படுக்கை தேவைப்பட்டது.

"எடை சரி, ரத்தம் சரி, ஈ.சி.ஜி. சரி. என்ன காரணம்னு நிறுத்தி வைக்கிறதும்மா?"

"உயிருக்கு ஆபத்துன்னு எழுதுங்க சார்."

"நீங்க டயட்டீஷியன்."

"ஆமா சார். ஆனா அவ சொன்னது என்கிட்ட."

கேஸ் ஷீட்டைத் திரும்ப வாங்கினார். பிறகு பேனாவை எடுத்து, போட்ட கையெழுத்தை அடித்தார். அதற்காக இன்றுவரை அவருக்கு என் மரியாதை உண்டு.

அடுத்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், கார் அவருடையது. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"என்னாம்மா இது? புள்ள தளதளன்னு இருக்குது. கீழ வண்டி நிக்குது. இப்ப வந்து இன்னாத்தையோ சொல்றீங்க. ஊருல தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதெல்லாம் ஹராம்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும் பாய். தெரிஞ்சும் தாங்க முடியல அவளால. இத வைராக்கியக் குறைச்சல்னு நெனைக்காதீங்க. அவகிட்ட ஹராம்னு சொல்றது, மூச்சு முட்டுறவங்கள பாத்து மூச்சு விடுன்னு சொல்ற மாதிரிதான்."

"கையெழுத்து போட்டுத் தர்றோம். எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம். குடுங்க பேப்பர."

அது அவர்களால் முடியும். மருத்துவர் ஆலோசனையை மீறி அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எத்தனையோ குடும்பங்கள் போயிருக்கின்றன. கடலூரிலிருந்து மனநல மருத்துவர் வந்துகொண்டுதான் இருந்தார். அதற்குள் கார் கிளம்பிவிட்டால் நான் கேட்ட கேள்விக்கும் அவள் சொன்ன பதிலுக்கும் அர்த்தமே இருக்காது.

அம்மா மருந்துப் பையோடு வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "எம் மவ அப்புடி பண்ணவே மாட்டா மேடம். அஞ்சு வேள தொழுவுறவ. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க."

வாதாடுவதில் பயனில்லை என்று தெரிந்தது. அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன். "அம்மா, உங்ககிட்டயும் பொறுத்துக்கன்னு கேட்டாளா?"

பை கையிலிருந்து நழுவியது. மாத்திரை அட்டைகள் தரையில் சிதறின. அவர் குனியவில்லை.

"நேத்து கேட்டா" என்றார். "சாயங்காலம் மக்ரிப் தொழுதுட்டு வந்து என் கால புடிச்சிகினு, எல்லாத்தையும் பொறுத்துக்கம்மான்னா. நான்... புத்தி வந்துடுச்சு புள்ளைக்குன்னு, அல்ஹம்துலில்லாஹ், பொறுத்துக்கிட்டேன் போன்னு சொன்னேன் மேடம். போன்னு சொன்னேன்."

மாமா தாள் கேட்டு நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கார அனுப்பிடு."

"ஏ, ஊருல பேசுவாங்க..."

"எம் புள்ளய கொண்டுபோயி அடக்கிட்டு வந்து பேசுறதுக்கு, இப்பவே பேசட்டும். கார அனுப்பு."

அவர் போனார். அம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அழுவார், அடிப்பார், சத்தியம் வாங்குவார் என்று மூன்றையும் எதிர்பார்த்து நான் பின்னாலேயே நின்றேன். அவர் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நேத்து சொன்னத திருப்பி வாங்கிக்கிறேன்" என்றார். "நான் பொறுத்துக்கல. ஒண்ணையும் பொறுத்துக்கல. நீ இரு. இருந்து என்னோட சண்ட போடு."

நஸ்ரீன் முதல்முறையாக அழுதாள். சேர்ந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இது எந்தப் பாடத்திலும் இல்லாத சிகிச்சை. வேறொரு அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று நான் எழுதித் தர மாட்டேன், நீங்களும் தராதீர்கள். அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மட்டும் செல்லுபடியான வார்த்தை அது. நம் வேலை, அந்த வார்த்தை சொல்லப்படும்வரை காரைக் கிளம்பவிடாமல் நிறுத்திவைத்தது. அவ்வளவுதான், அது சின்ன வேலையும் இல்லை.

மனநல மருத்துவர் மதியம் வந்தார். சிகிச்சை மாறியது, அவள் மேலும் சில வாரம் இருந்தாள். எண்ணம் முற்றினால் முதலில் என்ன செய்வது, யாரை எழுப்புவது, யாரைப் போனில் கூப்பிடுவது என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்து, அவள் கையாலேயே எழுதவைத்தார். வீட்டில் அவள் கைக்கு எட்டக் கூடாதவற்றை அப்புறப்படுத்துவது மாமாவின் பொறுப்பு. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்தான், அலமாரி அலமாரியாகப் பார்த்து முடித்துவிட்டு என்னை அழைத்துச் சொன்னார். அத்தாவுக்கு வீடியோ அழைப்பில் ஒரே ஒரு விதி: முகம் எப்படி இருக்கிறது என்று பேசக் கூடாது, வேறு என்ன வேண்டுமானாலும் பேசலாம். முதல் சில நாட்கள் அவர் பேச்சு வராமல் திணறி, அங்கே விற்கும் வெங்காயத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாராம். சொந்தக்காரர்களை அம்மா பார்த்துக்கொண்டார். "எம் பொண்ணு ஒடம்ப பத்தி பேசணும்னா வாசல்லயே பேசிட்டு அப்புடியே போயிடு. உள்ள வந்தா வேற பேசு."

வார்டில் நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும், முள் எந்தப் பக்கம் போயிருந்தாலும், அந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்கிறோம். நேற்றைய பதிலை இன்று எழுதுவதில்லை. எடை ஏறினால் இன்னும் நிதானமாக உட்கார்ந்து கேட்கிறோம். வீட்டுக்குப் போன முதல் வாரங்களில் நாமே போன் செய்கிறோம், அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை. பார்க்க நன்றாக இருப்பவர்களிடமும் கேட்கிறோம். அந்தக் குறிஞ்சிப்பாடி ஆசிரியை, கேட்ட அன்று, "இத யாராச்சும் கேப்பாங்களான்னு இருந்தேன்" என்றார். கேட்பது மனநலப் பிரிவின் வேலை, கஞ்சி உணவுப் பிரிவின் வேலை என்று நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ளாதீர்கள். யாரிடம் திரை விலகுகிறதோ அவர்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் தனியாக வைத்துக்கொள்ளவும் கூடாது. அந்த நிமிடமே அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

நஸ்ரீன் குணமாகிவிட்டாள் என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன். நடுவில் ஒருமுறை சறுக்கினாள். மீண்டும் படுக்கையில் சேர்த்தோம். இப்போது வியாழக்கிழமைகளில் இங்கே நம் ஓ.பி.க்கு வருகிறாள். போன வாரம் வந்தபோது உள்ளே நுழையும்போதே படபடவென்று இருந்தாள்.

"மேடம், சீக்கிரம் பாத்து அனுப்புங்க. மத்தியானம் அரியர் எக்ஸாம். எனக்கு பஸ்ஸு போயிடும்."

எடை பார்த்தேன். உட்கார்ந்தேன். கேட்டேன்.

"இந்த வாரம் சாவணும்னு தோணிச்சா?"

"ரெண்டு தடவ" என்றாள், காய்ச்சல் எத்தனை நாள் என்று சொல்வதைப் போல. "ஒரு தடவ டாக்டருக்கு போன் போட்டேன். இன்னொரு தடவ அம்மாவ எழுப்புனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அம்மா டீ போட்டுச்சு. சக்கர ஜாஸ்தி. அதுக்கு ஒரு சண்ட."

"குடிச்சியா?"

"பாதி. எழுதிக்காதீங்க."

எழுதிக்கொண்டேன். இந்த மாதத்தோடு நான் போகிறேன், புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள் என்றும் சொன்னேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்று யோசித்தாள்.

"அவுங்களும் இதயே கேப்பாங்களா?"

"கேப்பாங்க. ஒவ்வொரு வாரமும்."

"அப்ப நேரா கேக்கச் சொல்லுங்க மேடம்" என்றாள், கதவைத் திறந்தபடி. "சுத்தி வளைச்சி கேட்டுகினு இருந்தா எனக்கு பஸ்ஸு போயிடும்."